குமுளி மலைப்பாதையில் பிரசவங்கள்: மருத்துவர் சங்கத்தாரோடு நம் அனுபவங்கள்

கம்பம், ஓய்வுபெற்ற செவிலியர்

ஒரு கேஸ் ஷீட்டை இரண்டாம் தடவை எழுதுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வருஷம் வேண்டாம், ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். மலைக்குக் கீழே ஒரு தனியார் இடம். மூன்றாவது பிரசவம், சுகப்பிரசவம்தான். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. "கொஞ்சம் கூடுதலாப் போகுது டாக்டர்" என்று சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விடிவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். மறுநாள் பழைய தாள்களைக் காணோம். புதுத் தாளில் நேரங்களெல்லாம் அழகாக உட்கார்ந்திருந்தன. நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அந்தக் கையெழுத்து இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதற்கப்புறம் மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம் வேலைக்குப் போனேன். 2004-ல் கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, கே.எஃப்.ஓ.ஜி. என்பார்கள், மாநில அரசின் ஒத்துழைப்போடு தாய் மரணங்களை ரகசியமாக ஆராய ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 1952 முதலே நடந்து வரும் முறை. இந்தியாவில் முதலில் கையில் எடுத்தவர்கள் இவர்கள்தான். ஒரு தாய் இறந்துபோனால் அவளுடைய கேஸ் ஷீட்டை நகலெடுத்து, அவள் பெயர், ஊர், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி முத்திரை எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். படித்துப் பார்க்கிற மூத்த டாக்டர்களுக்கு அது யாருடைய நோயாளி என்றே தெரியாது. எதனால் இறந்தாள், எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கலாம், இது மட்டும்தான் கேள்வி. யார் மேலும் பழி கிடையாது.

எங்களிடமிருந்து ஒரு கேஸ் ஷீட் போனபோது கறுப்பு ஸ்கெட்ச் பேனா என் கையில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை அடித்தேன், கணவர் பெயரை அடித்தேன். ஆனால் நேரங்களை ஒன்றையும் தொடவில்லை. ரத்தம் கேட்டது 2.10, வந்தது 3.55 என்று எழுதியிருந்ததை அப்படியே விட்டேன். எங்கள் டாக்டரம்மா பக்கத்தில் நின்று, "அதைத்தான் சிஸ்டர் அவங்க பார்க்கணும்" என்றார். முன்பு அந்த ஆஸ்பத்திரியில் பெயர் நின்றது, உண்மை போனது. இங்கே பெயர் போய் உண்மை நின்றது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

இப்படிச் சேர்ந்த தாள்களிலிருந்து, தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்றே தலைப்பிட்டு அறிக்கை போட்டார்கள். ரத்தப்போக்குதான் முதல் காரணம், ரத்த அழுத்தம் அடுத்தது. அதை வைத்துப் பயிற்சிகள் நடத்தினார்கள். கோட்டயத்தில் ஒரு பயிற்சிக்கு எங்களையும் அனுப்பினார்கள். டாக்டர்களோடு நர்சுகளையும் சரிசமமாக உட்கார வைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு டாக்டர் சிவப்புச் சாயத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் அரை லிட்டர் என்றேன். ஒன்றரை லிட்டர். தரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவினால் ஒன்றரை லிட்டர் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிட்னி ட்ரே நிறைந்தால் அரை லிட்டர். ரத்தம் ஒற்றும் பெரிய துணி, மாப் என்போம், நன்றாக நனைந்தால் ஒன்றில் 350 மில்லி. நிறைமாசத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது, ஆகவே யோசித்து முடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

"கொஞ்சம் கூடுதலாப் போகுது" என்று சொன்ன அந்தப் பழைய ராத்திரி அங்கே எனக்கு முன்னால் வந்து நின்றது. அதற்குப் பிறகு நான் எந்த டாக்டரிடமும் "கொஞ்சம்" என்று சொன்னதில்லை. ட்ரேயைக் காட்டி மில்லியில்தான் சொன்னேன்.

உங்களுக்கும் இந்தச் சங்கத்து டாக்டர்களோடு ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

லோயர் கேம்ப், ஜீப் ஓட்டுநர்

அக்கா, நான் 22 வருஷமா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் ஓட்டுறேன். எனக்கு எழுத வராது, மகன்கிட்டச் சொல்லி எழுதுறேன்.

ஒரு மழைக்காலம். தோட்டத்துல பிரசவமாகி ரத்தம் நிக்காத பொண்ணு. குமுளியில சின்ன ஆஸ்பத்திரியில காட்டினோம். கோட்டயம் போனா 100 கிலோமீட்டருக்கு மேல, பீருமேட்டு வழியில மண் சரிஞ்சு கிடக்கு. கீழே இறங்கினா கம்பம் 20-க்குச் சில்லறை. ஆம்புலன்ஸ் வேற கேசுக்குப் போயிருச்சு. அந்த டாக்டரம்மா, மலையாளத்துக்காரங்க, வயசு அறுபதுக்கு மேல இருக்கும், சட்டுனு என் ஜீப்புல ஏறிட்டாங்க. பின்னாடி முட்டி போட்டு உக்காந்து, ஒரு கை உள்ளே, ஒரு கை வயித்து மேல, கருப்பையை ரெண்டு கையாலயும் நெரிச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. நான் திரும்பிப் பார்க்கல. வளைவுக்கு வளைவு "மணி எந்தாயி?" னு மட்டும் கேட்டாங்க. நானும் சொல்லிக்கிட்டே வந்தேன். கம்பம் போய்ச் சேர்ற வரைக்கும் கையை எடுக்கல. இறங்குறப்ப அவங்களால விரலை நீட்ட முடியல, நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். அந்தப் பொண்ணு பிழைச்சிருச்சு. அந்தப் பிள்ளை இப்ப பத்தாவது படிக்குது.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ரெண்டு மாசம் கழிச்சு அந்தம்மா போன் பண்ணி, சங்கத்துக் கூட்டம் இருக்கு, நீ வந்து பேசணும்னு சொன்னாங்க. நான் என்னம்மா பேசுறது, டிரைவர் ஆச்சேன்னேன். "எங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும்" னு சொன்னாங்க. போனேன். அத்தனை டாக்டருக்கு முன்னாடி நிக்க வச்சு, தோட்டத்து ஆளுங்க இருக்கிற லயத்து வீட்டுலருந்து மெயின் ரோட்டுக்கு எத்தனை நிமிஷம், எங்கெங்க நிக்க வேண்டியிருந்ததுன்னு கேட்டாங்க. ராத்திரி எஸ்டேட் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிருவாங்க, சாவி வாட்ச்மேன் வீட்டுல இருக்கும், அவரை எழுப்பிக் கூட்டிட்டு வர்றதுக்கே இருபது நிமிஷம் ஆச்சுன்னு சொன்னேன். ஒரு டாக்டர் எழுந்து அதை எழுதிக்கிட்டாரு. சங்கிலியை எழுதுற டாக்டரை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். அவங்க பேசினாங்களோ வேற யாரு பேசினாங்களோ, அடுத்த மழைக்குள்ள சாவி ஒண்ணு கேட்டுப் பக்கத்து முதல் லயத்துலயே வச்சுட்டாங்க.

வண்டிப்பெரியாறு, தேயிலைத் தோட்டம்

டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு கேட்டுக்குள்தான் நானும் இருக்கிறேன்.

எங்கள் மஸ்டர் ஷெட்டில், தோட்டத்தில் பேர் கொடுக்கிற இடம் அது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு லேடி டாக்டர்கள் வந்து பேசினார்கள். சங்கத்திலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். ஒருவர் தமிழில் பேசினார். நான் ஏழு மாதம், பின்னால் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். தலைவலி விடாமல் இருந்தால், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருந்தால், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான் ஞாபகம்.

எட்டாம் மாதம் கால் வீங்கியது. நீர் கோர்த்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி கண்ணுக்கு முன்னால் நிஜமாகவே பூச்சி பறந்தது. வீட்டுக்காரரை எழுப்பி, "ஷெட்டுல சொன்னாங்களே, அது" என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் எனக்கு வெட்டு, அதாவது வலிப்பு, வந்துவிட்டது. பிறகு நடந்தது அரைகுறையாகத்தான் தெரியும். நரம்பில் ஒரு ஊசி, இரண்டு பக்கத்து இடுப்பிலும் பெரிய பெரிய ஊசி, நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. "பேடிக்கண்டா மோளே", பயப்படாதே மகளே என்று ஒரு நர்ஸ் சேச்சி காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். எதற்கு என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. பிள்ளை 1.7 கிலோ. இப்போது நன்றாக இருக்கிறான்.

அந்தச் சுத்தியல் எதற்கு என்று செவிலியர் அக்கா சொல்வீர்களா? இத்தனை வருஷமாகத் தெரிந்துகொள்ள ஆசை.

கூடலூர், தேனி மாவட்டம்

எல்லோரும் நல்லதைச் சொல்கிறீர்கள், சந்தோஷம். எனக்கு ஒரு ஆற்றாமை இருக்கிறது. என் தங்கையை மலைக்கு மேலே கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து அழைத்து வந்தோம். கையில் இருந்த அட்டை மலையாளத்தில். இங்கே அதைப் படிக்க ஆளில்லை. இங்கே கர்ப்பத்தைப் பதிந்த எண் கேட்கிறார்கள், அது இல்லை. மலைக்கு மேலே பார்த்தபோது அவளுக்கு பி.பி. கூடுதலாக இருந்தது அந்த அட்டையில் எழுதியிருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் எந்த மாநிலக் கணக்கில் வந்திருப்பாள்? எந்தச் சங்கம் அவள் தாளைப் படித்திருக்கும்?

கொழிஞ்சாம்பாறை, மகப்பேறு மருத்துவர்

முதலில் சுத்தியல். உங்களுக்குப் போட்டது மக்னீசியம் சல்பேட். வலிப்பு திரும்ப வராமல் தடுக்கும் மருந்து. முதல் தடவை மொத்தம் 14 கிராம்: நரம்பில் 4, இரண்டு பக்கமும் 5, 5. அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். அதற்கு முன்பே முழங்கால் துள்ளுவது நின்றுவிடும். உங்கள் கால் துள்ளுகிற வரை மருந்து பத்திரமான அளவில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சேச்சி ராத்திரி முழுக்கத் தூங்காமல் தட்டியது அதற்காகத்தான்.

நான் பாலக்காட்டுத் தமிழ். படித்தது தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். எங்கள் அகில இந்தியக் கூட்டமைப்பு ஃபாக்சி 1950-ல் உருவானது மெட்ராஸில்தான் என்பதை இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் சொல்லிப் பெருமைப்படுவேன். ஒரு பயிலரங்கில், திருச்சூர் டாக்டர் வி.பி. பைலி உருவாக்கிய கிளாம்பைப் போடக் கற்றுக்கொண்டேன். வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கருவி. ஜீப்பில் அந்த டாக்டரம்மா கையால் பிடித்து வந்தது போல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை நேரம் வாங்கித் தரும். ரகசிய ஆய்வை வழிநடத்தியவரும் அவர்தான். இறந்தவர்களின் தாள்களைத் திரும்பத் திரும்பப் படித்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு கருவி தோன்றும் என்பது என் நம்பிக்கை.

கேரளத்தில் 2001-03-ல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 110 தாய்மார் இறந்தார்கள், 2018-20-ல் 19. அதே காலத்தில் தமிழ்நாடு 134-லிருந்து 54-க்கு வந்தது. எல்லாம் சங்கம் செய்தது என்று சொல்லமாட்டேன். ரோடு, படிப்பு, ரத்த வங்கி, 108 எல்லாம் உண்டு.

கூடலூர்க்காரருக்கு. தமிழ்நாட்டிலும் தாய் மரணங்களை மாவட்ட அளவில் கலெக்டர் முன்னிலையில் ஆராய்கிறார்கள், இறந்தவரின் வீட்டாரையும் அழைத்துக் கேட்கிறார்கள். கேள்வி கேட்க வீட்டாருக்கு அங்கே இடமுண்டு, ஆனால் டாக்டர் தயங்கித் தயங்கித்தான் வாயைத் திறப்பார். கேரளத்து ரகசிய முறை, இந்த முறை இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் உங்கள் கேள்வி அது இல்லை என்று புரிகிறது. மலை ஏறி இறங்கும் பெண்ணின் தாள் அவளோடு ஏறி இறங்குவதில்லை. இதை அடுத்த கூட்டத்தில் எழுப்பப் போகிறேன். உங்கள் தங்கையின் அட்டையை, பெயரை அடித்துவிட்டு, எனக்கு அனுப்ப முடியுமா?

கம்பம், ஓய்வுபெற்ற செவிலியர்

சுத்தியலுக்கு டாக்டரே பதில் சொல்லிவிட்டார். தாயி, நான் தட்டின முழங்கால்களில் உன்னுடையதும் ஒன்றோ என்னவோ.

கூடலூர்த் தம்பிக்கு ஒன்று. கூட்டம் கூடி முடிவு எடுக்கிறவரை காத்திருக்க வேண்டாம். மேலேயிருந்து பிரசவத்துக்கு இறங்கி வரும் பெண்களிடம் ஒரு வெள்ளைத் தாளில் ரத்த குரூப், கடைசியாகப் பார்த்த பி.பி., தேதி, போட்ட ஊசி, முந்தின பிரசவத்தில் என்ன நடந்தது, இவற்றை இங்கிலீஷில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் சிஸ்டர்மார் எழுதிக் கொடுப்பார்கள், எனக்குத் தெரியும். எழுதிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் அட்டையைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். எனக்கு மலையாளம் படிக்க வரும். ராத்திரி என்றாலும் பரவாயில்லை.