‘கடலோடியின் மனைவி’ தமிழாக்கம்: மூன்று இடங்களில் உதவி தேவை

ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘கடலோடியின் மனைவி’யை, அதாவது கடலோடி இளவரசன் அல்டாரியன், அவன் மனைவி எரெந்திஸ் கதையைத் தமிழாக்குகிறோம் (1980இல் வெளியான ‘முடிவுறாத கதைகள்’ தொகுப்பில் உள்ளது).

முதலில் பெயர்கள். ‘எரெந்திஸ்’ சரியாக வருகிறது. ‘ண்டி’ போட்டால் நாக்கு மடங்கிவிடும். அவர்கள் மகள் பெயர்தான் (Ancalimë) தலைவலி. மூலத்தில் ககரம் வல்லொலி. ‘அங்கலிமே’ என்றால் தமிழ் வாசகர் ‘தங்கம்’ போல மெலித்துப் படிப்பார். ‘அன்க்கலிமே’ கண்ணை உறுத்துகிறது. வேறு வழி உண்டா?

அடுத்து, கப்பல் முகப்பில் மனைவி கட்டி அனுப்பும் பசுங்கிளை. ‘தழை’, ‘கொப்பு’, ‘கொம்பர்’: எது பொருந்தும்? அவள் அதைத் தர மறுப்பதே மணமுறிவின் அடையாளம் என்பதால், சொல் கனமாக இருக்க வேண்டும். ‘கொம்பர்’ எனக்குச் சற்றுப் பழசாகப் படுகிறது.

கடைசியாக முடிவு. இரண்டாண்டு என்று சொல்லி, கதையின் ஆண்டுக்கணக்கில் 877இல் கடலுக்குப் போன அல்டாரியன் 882இல்தான் திரும்புகிறான், 883இல் அரசனாகிறான். தொடர்கதை அங்கேயே அறுந்து, பிறகு டோல்கீனின் குறிப்புகள் மட்டும். 985இல் எரெந்திஸ் நீரில் மாண்டதும் ஒரு வரிச் செய்திதான். குறிப்புகளைக் கதைநடையில் கோத்தால் நம் கற்பனை கலந்துவிடும். சிறிய எழுத்தில் தனியாக அச்சிட்டால் போதுமா?