என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பே வரவில்லை, உதவுங்க

குட்டிசர்வர்: அவசரம். கான்ஃபிக் ரொம்பக் குழம்பிவிட்டது, சுத்தமாக எடுத்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று ரிமூவ் செய்தேன், மிச்சமிருந்த ஃபோல்டரையும் கையாலேயே அழித்தேன். இப்போது இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. இன்றைக்குள் சைட் ஏறணும்.

வரப்பு: எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ? எந்த ஃபோல்டர்? என்ன எர்ரர்?

மின்மினி77: வெப் சர்வர் கேட்கும் போர்ட் 80-ஐ இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி பிடித்து வைத்திருக்கும். எனக்கு எப்போதும் அதுதான்.

குட்டிசர்வர்: உபுண்டு 22.04. அப்பாச்சி போடவே இல்லை. கான்ஃபிக் கோப்புகள் வைக்கும் ஈடிசிக்குள் இருக்கும் என்ஜின்எக்ஸ் ஃபோல்டர். என்ஜின்எக்ஸ்.கான்ஃப் இல்லை என்கிறது.

ரூட்ராசா: ரிமூவ் பேக்கேஜை மட்டும் எடுக்கும், பர்ஜ் கான்ஃபிக்கையும் சேர்த்து எடுக்கும், அந்த வித்தியாசம் தெரியாமலே சர்வர் நடத்த வந்துவிடுகிறீர்கள். மேன் பேஜ் என்று கையேடு ஒன்று இருக்கிறது தம்பி.

குட்டிசர்வர்: அண்ணா, பர்ஜ் என்ஜின்எக்ஸ் என்றும் போட்டுப் பார்த்தேன். அப்புறமும் அதேதான்.

வரப்பு: 22.04-ல் என்ஜின்எக்ஸ் என்கிற பேக்கேஜ் வெறும் பெயர்ப்பலகை. கான்ஃபிக் எல்லாம் என்ஜின்எக்ஸ்-காமனுக்குச் சொந்தம், அதை நீங்கள் பர்ஜ் செய்யவில்லை. ஈடிசியில் ஒரு கான்ஃபிக் கோப்பைக் கையால் அழித்தால், வேண்டுமென்றே எடுத்திருக்கிறார் என்று, உபுண்டுவில் பேக்கேஜ் போடும் டிபிகேஜி மதித்து விட்டுவிடும், மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் வைக்காது. காமனைப் பர்ஜ் செய்யுங்கள், அதை நம்பியிருப்பவையும் சேர்ந்து போகும், போகட்டும். பிறகு டிபிகேஜி பட்டியலில் என்ஜின்எக்ஸ் வரிகளைப் பாருங்கள், தொடக்கத்தில் ஆர்சி என்று இருந்தால் பேக்கேஜ் போய்விட்டது, கான்ஃபிக் கணக்கு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். அதையும் பர்ஜ் செய்துவிட்டு இன்ஸ்டால்.

ஆர்ச்சுப்பித்தன்: இதற்கா இவ்வளவு? ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் கருவி பேக்மேனில் மைனஸ் ஆர்என்எஸ், ஒரே வரி, தடயமே இருக்காது.

ரூட்ராசா: ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்துத் தொடங்கும் கான்ஃபிக் கோப்புகளையெல்லாம் உங்கள் பேக்மேன் தொடுமா?

ஆர்ச்சுப்பித்தன்: அது பயனர் சொத்து. உங்கள் உபுண்டுவின் ஆப்டும்தான் தொடாது.

ரூட்ராசா: தொடாது என்று நானும் சொல்கிறேன். தடயமே இருக்காது என்றது யார்?

மின்மினி77: சண்டை இருக்கட்டும், போர்ட் 80 பார்த்தாரா இல்லையா?

குட்டிசர்வர்: காமனைப் பர்ஜ் செய்ததும் வந்துவிட்டது. நன்றி வரப்பு அண்ணா.

வரப்பு: சரி. சைட்ஸ்-அவைலபிளில் இருந்த உங்கள் சைட் கோப்புக்கு பேக்கப் இருக்கிறதா? ஃபோல்டரோடு அதுவும் போயிருக்குமே.