டிரெய்லர் டயர் ஓட்டத்துல வெடிச்சா பிரேக் போடலாமா?

குளச்சல்காரன்:
மக்களே, தூத்துக்குடில இருந்து ஒரு பைபர் வள்ளத்த டிரெய்லர்ல ஏத்தி ஜீப்புல இழுத்துட்டு வந்தோம், முப்பந்தல் பக்கம் காத்து வேற சைடுல தள்ளுது, டமார்னு டிரெய்லரோட இடது டயர் வெடிச்சிட்டு, பின்னால ஒரே ஆட்டம். யாருக்கும் ஒண்ணும் ஆவல. அடுத்த மாசம் இன்னொரு வள்ளம் எடுக்கணும், இப்படி வந்தா பிரேக் போடலாமா?

தோவாளை டிரைவர்:
பிரேக்க சவிட்டவே சவிட்டாதீங்க அண்ணே! முன்வண்டி வேகம் குறையும், பின்னால உள்ள வெயிட்டு தள்ளிட்டு வந்து மடக்கிப் போட்டுரும். ஸ்டியரிங்க நேரா இறுக்கிப் பிடிச்சு ஆக்சிலேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க, கிழிஞ்ச டயரே இழுத்து வேகத்த குறைச்சிரும், பொறவு இடதுபக்கம் ஒதுக்குங்க. டிரெய்லர கழட்டாம, நல்ல டயருக்கு முன்னயும் பின்னயும் கல்லு வச்சிட்டு ஜாக்கி போடுங்க. நாலுவழிச்சாலைல உதவிக்கு 1033.

தக்கலை டயர்க்கடை:
வள்ளம் ஏத்துற டிரெய்லர் மாசக்கணக்கா கடப்புறத்துல வெயில்ல கிடக்கும், பட்டன் (ரோட்டுல படுற ரப்பர் கட்டை) தேயாது, ஆனா சைடுல ரப்பர் வெடிச்சு கோடு கோடா நிக்கும். காத்து குறைவா இருந்தா சைடு மடங்கி மடங்கி சூடாகி கிழியும், நிறைய கேஸ் இதுதான். கிளம்புறதுக்கு முன்ன, டயர் சூடாகாதப்பவே காத்து பாருங்க. சைடுல டிஓடி (DOT)ன்னு தொடங்குற எழுத்து வரிசை முடியுற இடத்துல நாலு நம்பர் இருக்கும், 2318னா 2018ல 23ஆவது வாரம் செஞ்சது.

குளச்சல்காரன்:
இப்பதான் டார்ச் அடிச்சு பாத்தேன் அண்ணே, மத்த டயர்ல 1415ன்னு கிடக்கு. ரெண்டையும் மாத்திட்டுதான் வண்டி எடுப்பேன்.