மொரிஷியஸ் விடுமுறை வீடு: புயலுக்கும் பூஞ்சணத்துக்கும் வழி சொல்லுங்கள்

டர்பன் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். மொரிஷியஸ் மேற்குக் கரையில், பிளிக் ஆன் பிளாக்கில் உள்ள எங்கள் வீடு வருஷத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். அங்கே வீடு வைத்திருப்பவர்களின் உதவி வேண்டும்.

முதலில் புயல். மணிக்கு 120 கி.மீ. காற்று அடிக்கும் முன், அங்குள்ள வானிலைத் துறையின் இரண்டாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை தயாராவதற்குச் சுமார் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் தரும். மூன்றாம் வகுப்பு 6 மணி நேரம்தான். இங்கிருந்து போய்ச் சேர்வது நடக்காது. இரண்டாம் வகுப்பு அறிவித்ததுமே பால்கனி நாற்காலிகளை உள்ளே எடுத்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டி, மெயின் சுவிட்சை அணைக்க நம்பகமான ஆள் தேவை. மாதச் சம்பளமா, தடவைக்கு இவ்வளவு என்ற கூலியா, எது ஒத்துவருகிறது?

அடுத்தது ஈரம். சிங்க்குக்குக் கீழே உள்ள வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேரே உள்ளே வரும். கிளம்பும்போது இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் வற்றுவது தாமதமாகும், இது பலிக்கிறது. துணி அலமாரிப் பூஞ்சணம்தான் அடங்கவில்லை. கதவின் உள்பக்கம், கீல் ஓரத்தில் சாம்பல் பூத்தது போல் படிகிறது.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்க நினைக்கிறோம். தொட்டி நிரம்பினால் நின்றுவிடும், ஆகவே குழாய் வைத்துத் தரை வடிகாலில் விட வேண்டும். அந்தத் தண்ணீரே அங்குள்ள வளைகுழாயையும் வற்றாமல் காக்கும். ஆனால் மின்சாரம் போய் வந்தால் தானாக மறுபடி ஓட வேண்டும். அப்படிப்பட்ட மாடல் யாரிடம் இருக்கிறது? இங்கேயே வாங்கிப் போகலாமா? இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். நம் உருண்டை முள் பிளக்கை அங்குள்ள 13 ஆம்பியர் பட்டை முள் பிளக்காக மாற்றினால் போதுமா?