காய்த்துப்போன உள்ளங்காலில் பாபின்ஸ்கி சோதனை: வழிகாட்ட வேண்டுகிறேன்

மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு சிறு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். 1896-இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி விவரித்த உள்ளங்கால் அனிச்சைச் செயலை, ஆயுள் முழுவதும் கரிசல் காட்டில் வெறுங்காலோடு உழைத்துத் தோல் தடித்துப்போன முதியவர்களிடம் சோதிக்கும்போது, குதிகாலிலிருந்து பாதத்தின் வெளியோரமாக எவ்வளவு கோடிழுத்தாலும் பெருவிரல் பாதிப்பைக் காட்டும் விதமாக மேல்நோக்கி எழுவதும் இல்லை, இயல்பானபடி கீழே மடங்குவதும் இல்லை. சற்று அழுத்தினாலோ காலையே வெடுக்கென இழுத்துக்கொள்கிறார்கள். அதை மட்டும் வைத்து மூளையிலோ தண்டுவடத்திலோ பாதிப்பு என்று எழுதி, மதுரைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்ப மனம் ஒப்பவில்லை. வெளிக்கணுக்காலுக்குக் கீழே கீறிப் பார்க்கும் சாடாக் முறை இத்தகையோரிடம் உங்களுக்குக் கைகொடுத்திருக்கிறதா? மேலும், முழங்கால் அனிச்சையைப் பார்க்கத் தட்டும்போது காலைத் தளர்வாக விடச் சொன்னால் இன்னும் விறைத்துக்கொள்கிறார்கள். கவனம் காலிலிருந்து விலக, இரு கைவிரல்களையும் கோத்து இழுக்கும்படி அவர்களுக்குப் புரியுமாறு எந்தச் சொற்களில் கூறுகிறீர்கள்?