எபிரேய எழுத்துக்குள் இயேசுவைத் தேடியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வேதமாணவன்:

எபிரேய எழுத்துகளுக்குள் இயேசு மறைந்திருக்கிறார் என்ற செய்தி வராத சபை வாட்ஸ்அப் குழு இன்று குறைவு. நான் இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்தவன் என்பதால், யாருக்கு அப்படி ஒன்று வந்தாலும் எனக்குத் தட்டிவிடுவார்கள். "தம்பி, இது உண்மையா?" என்பார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. நான் சந்தித்தவற்றை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பெரியவர் ஒருவர் லேமினேட் செய்த அட்டையைச் சுற்றுக்கு விட்டார். கர்த்தரின் நாமத்தின் நான்கு எழுத்துகளான யோத், ஹே, வாவ், ஹே அதில் பழைய சித்திர வடிவில் இருந்தன: ஒரு கை, கைகளை உயர்த்தி நிற்கும் ஆள், ஆணி, மறுபடி அதே ஆள். கீழே "கையைப் பார், ஆணியைப் பார்" என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்த அம்மா ஒருவர் அங்கேயே அழுதுவிட்டார். அந்தக் கண்ணீரை நான் லேசாக எண்ணவே மாட்டேன்.

ஆனால் எழுத்து என்ன சொல்கிறது என்பது தனிக் கேள்வி. யோத் என்ற பெயருக்கும் கையைக் குறிக்கும் யாத் என்ற சொல்லுக்கும் உறவு உண்டு, சரி. வாவ் என்றால் கொக்கி. யாத்திராகமம் 27-ல் ஆசரிப்புக் கூடாரத் தூண்களின் கொக்கிகளுக்கு இந்தச் சொல்தான் வருகிறது. ஹே என்றால் 'பார்' என்பது படத்தை வைத்துச் செய்த யூகம். வேதத்தை எழுதியவர்கள் எழுத்துகளை ஒலிக்காகத்தான் எழுதினார்கள், படமாக வாசிப்பதற்காக அல்ல. ஏசாயா 47:11-ல் பாபிலோனின் மேல் வரும் அழிவைக் குறிக்கும் ஒரு சொல்லின் எழுத்துகள் ஹே, வாவ், ஹே. அட்டையின் முறைப்படி அதையும் 'பார், ஆணி, பார்' என்றுதான் வாசிக்க வேண்டும். அந்த வசனமோ சூனியத்தை நம்பிய நகரத்தின் மேல் வரும் தீர்ப்பு.

அடுத்தது 'ஏத்'. ஆதியாகமம் 1:1 எபிரேயத்தில் ஏழு சொற்கள். நட்ட நடுவில், நான்காவதாக, ஆலெப் தாவ் என்ற இரண்டு எழுத்துகளாலான ஏத் நிற்கிறது. நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். வெளிப்படுத்தலில் தம்மை அல்பாவும் ஓமெகாவும், அதாவது கிரேக்கத்தின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், என்று சொன்ன கர்த்தர், படைப்பின் நடுவிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பிரசங்கிக்கிறார்கள். மொழிபெயர்க்கவே முடியாத மர்மச் சொல் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இணையான சொல் இல்லைதான். தமிழில் உண்டு. 'வானத்தையும் பூமியையும்' என்பதில் வருகிற 'ஐ' உருபு செய்யும் வேலையைத்தான் ஏத் செய்கிறது. நம் வேதாகமத்தில் அது முதல் வசனத்திலேயே ஒழுங்காக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆதியாகமம் 4:1-ல் ஏவாள் காயீனைப் பெற்றபோது, காயீனின் பெயருக்கு முன்னாலும் அதே ஏத் நிற்கிறது. இதை ஒரு வாலிபர் கூடுகையில் சொன்னபோது தம்பி ஒருவர், "அண்ணா, அப்படியானால் நம் இரண்டாம் வேற்றுமையா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவருக்கு விளங்கிவிட்டது.

இது வாட்ஸ்அப் பெற்ற பிள்ளை என்று நினைக்காதீர்கள். 1486-ல் இத்தாலியில் பீகோ டெல்லா மிராண்டோலா என்ற இளைஞர் 900 கருத்துரைகளை வெளியிட்டார். கிறிஸ்துவின் தெய்வீகத்தை யூதர்களின் மறைஞான மரபான கபாலாவைக் கொண்டே உறுதிப்படுத்தலாம் என்பது அவற்றில் ஒன்று. ரோமில் விவாதிக்க அவர் போட்ட திட்டத்தைப் போப் எட்டாம் இன்னொசென்ட் நிறுத்திவிட்டார். ஜெர்மனியின் யோகன்னெஸ் ராய்க்லின் 1494-ல் இன்னும் ஒரு படி போனார். கர்த்தரின் நான்கு எழுத்து நாமத்தின் நடுவே 'ஷின்' என்ற எழுத்தை வைத்தால் இயேசுவின் நாமம் வரும் என்றார். அழகான யோசனைதான். ஆனால் யேசுவா என்ற எபிரேயப் பெயர் 'அயின்' என்ற எழுத்தில் முடிகிறது. ராய்க்லின் எழுதிக் காட்டியதில் அயினே இல்லை.

இருந்தாலும் ராய்க்லின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. யூத நூல்களையெல்லாம் பறித்து எரிக்க வேண்டும் என்று 1510 வாக்கில் ஒரு கூட்டம் கிளம்பியபோது, பேரரசர் மாக்ஸிமிலியன் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். கூடாது என்று துணிந்து எழுதிக் கொடுத்தவர் ராய்க்லின். அதற்காகப் பல வருடம் வழக்கில் இழுபட்டார். அந்த நூல்களைப் படித்தவருக்குத்தான் அவற்றின் அருமை தெரிந்திருந்தது.

ஹைஃபா வாசகி:

தம்பி, நான் ஹைஃபாவில் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். அவரை 'சவ்தா' என்று கூப்பிடுவேன், இங்கே பாட்டிக்கு அதுதான் சொல். அவருடைய மகன் சனிக்கிழமைகளில் வருவார். வேதம் நன்றாகப் படித்தவர்.

ஊரிலிருந்து எனக்கு ஒரு வீடியோ வந்தது. எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு அல்லவா? ஆதியாகமம் 49:10-ல் 'சமாதான கர்த்தர் வருமளவும்' என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரேயத்தில் 'யாவோ ஷிலோ' என்று இருக்கிறதாம். அதைக் கூட்டினால் 358. மேசியா என்ற சொல்லைக் கூட்டினாலும் 358. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓய்வுநாள் முடிந்து விளக்குப் போட்ட பிறகு அவரிடம் காட்டினேன்.

"இது எங்கள் ஆட்களே போட்ட பழைய கணக்கு" என்றார். அப்புறம் சவ்தாவின் மாத்திரைப் பெட்டியைத் திருப்பி, அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினார். மேம் 40, ஷின் 300, யோத் 10, ஹேத் 8. இது மேசியா. அதற்குக் கீழே நூன் 50, ஹேத் 8, ஷின் 300. கூட்டுங்கள் என்றார். 358. என்ன சொல் என்று கேட்டேன். "நாஹாஷ். சர்ப்பம்."

நானும் விடவில்லை. மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைப் பற்றி யோவான் 3:14-ல் இருப்பதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல விளக்கம். ஆனால் எண் இதை உங்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு முன்பே தெரிந்ததை எண்ணில் வைத்தீர்கள்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சவ்தா அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "எங்கள் புத்தகத்தை வைத்தே எங்களை விசாரித்தார்கள்" என்றார். 1263-ல் பார்சிலோனாவில், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய ஒரு துறவி யூத ரபிமாரின் போதனை நூலான தல்மூதைக் கொண்டே இயேசுவை நிரூபிப்பதாகச் சொல்லி, அரசர் முன்னிலையில் ராம்பான் என்ற பெரிய ரபியை வாதத்துக்கு அழைத்த கதையை மகன் சொன்னார். நஹ்மானிதேஸ் என்றும் அவரைச் சொல்வார்கள். வாதாடிய பிறகு அவர் சொந்த நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 1267-ல் அக்கோவில் வந்து இறங்கினார். அக்கோ எங்கள் வீட்டு மாடியிலிருந்து வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஊர். நமக்கு இது ஆவிக்குரிய சந்தோஷம், அவர்களுக்கு அது வேறு ஞாபகம். இயேசுவைப் பற்றி அந்த வீட்டில் நான் பேசாமல் இல்லை, சவ்தாவே கேட்பார். ஆனால் எழுத்துக் கணக்கைக் கொண்டு பேசுவதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும் தம்பி. ஏசாயா 9-ல் ஒரு எழுத்து மூடியிருக்கிறது என்கிறார்களே, அது நிஜமா? கம்ப்யூட்டரில் போட்டு இத்தனை எழுத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டுப் பொறுக்கி, மறைந்த பெயர்களைக் காட்டுகிறார்களே, அதுவும்?

வேதமாணவன்:

அக்கா, அந்த வீட்டில் நடந்ததை எழுதியதற்கு நன்றி. எங்கள் வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

எண்ணைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஆதியாகமம் 14:14-ல் ஆபிராமின் ஆட்கள் 318 பேர். பர்னபாவின் நிருபம் என்ற பழைய கிறிஸ்தவ நூல் இதைக் கிரேக்க எழுத்துகளில் வாசித்தது. 10, 8 ஆகியவற்றுக்கான எழுத்துகள் இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள், 300-க்கான எழுத்து சிலுவை வடிவம். ரபிமார்கள் எபிரேயத்தில் கூட்டிப் பார்த்தார்கள். ஆபிராமின் ஊழியன் எலியேசரின் பெயர் சரியாக 318 வருகிறது. ஒரே எண்ணில் அவரவர் நேசித்தவரைக் கண்டார்கள்.

மூடிய எழுத்து நிஜம்தான். நம் வேதாகமத்தில் ஏசாயா 9:7, 'கர்த்தத்துவத்தின் பெருக்கத்துக்கும்' என்ற இடம். மேம் என்ற எழுத்து சொல்லின் நடுவில் வந்தால் கீழே திறந்திருக்கும், கடைசியில் வந்தால் நான்கு பக்கமும் மூடிய சதுரமாக இருக்கும். இங்கே நடுவிலேயே மூடிய மேம் நிற்கிறது. அச்சுப் பிழை என்று யாரும் திருத்தவில்லை, அப்படியே காத்து வந்திருக்கிறார்கள். யூதாவின் ராஜா எசேக்கியா மேசியாவாக வேண்டியிருந்தது, அது தடைபட்டது, அதன் அடையாளம் இது என்று தல்மூது சொல்கிறது. கன்னியின் மூடிய கர்ப்பம் என்று கிறிஸ்தவர்கள் சொன்னார்கள். எனக்கு இது தியானத்துக்கு ஏற்ற இடம். ஆனால் இதை வைத்து யாரிடமும் வாதாடமாட்டேன்.

கணினியில் தேடும் ரகசியக் குறியீட்டு விஷயத்தை விட்டுவிடுங்கள் அக்கா. ஆதியாகமத்தில் அப்படிப்பட்ட குறியீடு இருக்கிறது என்று 1994-ல் ஒரு புள்ளியியல் இதழில் கட்டுரை வந்தது, 1999-ல் அதே இதழில் கணித அறிஞர்கள் மறுத்துவிட்டார்கள். யேசுவா என்பது நாலே எழுத்து. அதில் யோத்தும் வாவும் எபிரேயத்தில் எங்கு பார்த்தாலும் வருபவை. இடைவெளியை இஷ்டத்துக்கு மாற்றினால் எந்த எபிரேயப் பக்கத்திலும் அகப்படும்.

ஓர் எழுத்து நிஜமாகவே முக்கியமாகிற இடம் வேண்டுமானால் 22ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். 16ஆம் வசனத்தில் 'உருவக் குத்தினார்கள்' என்று நாம் வாசிக்கிறோம். யூதர்களின் வழிவழிப் பாடத்தில் அந்தச் சொல் யோத்தில் முடிகிறது, பொருள் 'சிங்கத்தைப்போல'. சவக்கடல் பக்கம் நஹால் ஹேவெரில் கிடைத்த சுருளில் அது வாவில் முடிகிறது, வினைச்சொல்லாகிறது. இரண்டு எழுத்துக்கும் வித்தியாசம் ஒரு காலின் நீளம்தான். இங்கே ஒளித்து வைத்தது எதுவும் இல்லை, வெளிப்படையாக எழுதியதை எப்படி வாசிப்பது என்பதுதான் கேள்வி. சவ்தாவின் மகன் அடுத்த சனிக்கிழமை வரும்போது முடிந்தால் இந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அவர் 'சிங்கத்தைப்போல' என்பதை எப்படி விளக்குகிறார் என்று கேட்டு இங்கே எழுதுங்கள் அக்கா.