மறு: ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு 'மீளுருவாக்கம்' சரியா?

வாலாஜா ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஸ்கேன் கருவி எண்ணியதைக் கணக்கிட்டுப் படமாக்கும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள 'மீளுருவாக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று ஐயா கேட்டிருந்தார். கலைக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். இலக்கணத்துக்காக அல்ல, ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்காக.

எங்கள் அறையில் யாரும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று முழுசாகச் சொல்வதில்லை. "ரீகன் போட்டாச்சா?", "இன்னொரு ரீகன் போட்டுப் பாரு" என்பதோடு சரி. நோயாளிகளுக்கான தமிழ்த் தாளின் வரைவில் மட்டும் 'பட மீளுருவாக்கம்' என்று எழுதி வைத்தோம். (வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள மொழியில்கூடப் பலகை உண்டு. ஸ்கேன் தாள் தமிழில் வரத்தான் இவ்வளவு நாள்.) குடியாத்தத்திலிருந்து வந்த ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, "மொதல்ல எடுத்தது கெட்டுப்போச்சா? மறுபடியும் ஊசி போடணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'மீள்' என்றால் முன்பு ஒன்று இருந்து போயிருக்க வேண்டும் அல்லவா?

இங்கே முன்பு எந்தப் படமும் கிடையாது. எலும்பு ஸ்கேனில் நேரடியாக விழும் தட்டைப் படத்தை விட்டுவிடுங்கள், அதற்கு ரீகன் தேவையில்லை. ஸ்பெக்ட் (SPECT) ஸ்கேனில், ஊசியில் போட்ட மருந்து உடலுக்குள்ளிருந்து கதிர் வீச, காமா கேமரா ஆளைச் சுற்றிவந்து, ஒவ்வொரு கோணத்திலும் எத்தனை கதிர் வந்து சேர்ந்தது என்று எண்ணுகிறது. மருந்தில் இருப்பது டெக்னீசியம் என்றால் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர். பெட் (PET) ஸ்கேனில் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் இரண்டு எதிரெதிர்த் திசையில் கிளம்பி, ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஆளைச் சுற்றியுள்ள கருவி வளையத்தின் இரு பக்கமும் மோதினால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஒரு நிகழ்வு என்று பதிவாகும். கையில் கிடைப்பது எண்ணிக்கைதான், படம் இல்லை.

அதைப் படமாக்கும் பழைய வழி, எண்ணிக்கையை வடிகட்டி, அது வந்த கோட்டிலேயே திருப்பிப் பூசுவது. வேகம் உண்டு. ஆனால் சிறுநீர்ப்பையில் மருந்து நிறைந்திருந்தால் அங்கிருந்து கீற்றுகள் கிளம்பி இடுப்பெலும்பைக் குழப்பிவிடும். 1982இல் ஷெப், வார்டி இருவரும் வெளியிட்ட முறை வேறு. மருந்து எங்கும் ஒரே அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்கு. அப்படியிருந்தால் கருவிக்கு எவ்வளவு எண்ணிக்கை வந்திருக்கும் என்று போட்டுப் பார். உண்மையில் வந்ததோடு ஒப்பிட்டுத் திருத்து. மறுபடி போட்டுப் பார். கோணங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து இதை விரைவாக்கும் வழியை 1994இல் ஹட்சன், லார்கின் கொடுத்தார்கள். நாம் 'ஓசெம்' (OSEM) என்பது அதைத்தான்.

முழுக்க முழுக்கக் கணக்கு. எனவே என் பரிந்துரை, 'உருக்கணிப்பு'.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இப்படித் திரும்பத் திரும்பப் போட்டுத் திருத்தும் ஐட்டரேட்டிவ் என்பதற்கு நம் பட்டியலில் 'மீள்செய்' என்று இருக்கிறது. 'மீள்செய் மீளுருவாக்கம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'சுற்றுமுறை உருக்கணிப்பு' என்றால் நாக்கு பிழைக்கும். "எத்தனை சுற்று போட்டீங்க?" என்று கேட்கவும் வரும்.

அப்புறம், லீஷனுக்குப் 'புண்' வேண்டவே வேண்டாம். 'கட்டி'யும் எல்லா இடத்திலும் பொருந்தாது. 'நோய்த்திட்டு' என்று வைக்கலாம். பாலாற்றில் திட்டு எது என்று நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுற்றியிருப்பதிலிருந்து வேறுபட்டுத் தெரியும் இடம், அவ்வளவுதான். மருந்தை மிகுதியாக ஏற்ற எலும்புக்கும் பொருந்தும், ஏற்காத தைராய்டு முடிச்சுக்கும் பொருந்தும்.

— காட்பாடியிலிருந்து

*

தம்பி,

திட்டு பிடித்திருக்கிறது. கணிப்புதான் இடிக்கிறது. தேர்தல் கருத்துக்கணிப்பு, மழைக் கணிப்பு என்று கேட்டுப் பழகியவர்கள், கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் போட்ட படம் என்று நினைக்க மாட்டார்களா? சிறிய திட்டையும் இது காட்டும் என்றே வைத்துக்கொள்வோம். இல்லாததையும் காட்டிவிடுமோ?

— வாலாஜாப்பேட்டை

*

ஐயா,

காட்டிவிடும். சுற்று கூடக் கூடச் சிறிய திட்டில் காட்டும் மருந்தளவு உண்மையை நெருங்கும், கூடவே இரைச்சலும் (படத்தில் தாறுமாறாக விழும் புள்ளிகள்) ஏறும். சீராக இருக்க வேண்டிய ஈரல் பொரிப்பொரியாகத் தெரியும். அதில் எது நோய், எது வெறும் பொரி என்று மருத்துவர் திணற வேண்டும். சரி என்று சுற்றைக் குறைத்து மழுக்கினால் ஈரல் வழவழவென்று அழகாகிவிடும், 8 மி.மீ. நிணநீர்க் கணு ஒன்று இருந்தால் அதுவும் சேர்ந்து மழுங்கும். படம் அழகாக இருப்பதும் திட்டு அகப்படுவதும் ஒன்றில்லை. புதிதாக வருகிறவர்களிடம் எனக்குள்ள சண்டையே இதுதான்.

கருவியின் சொந்த மங்கலையும் கணக்கில் சேர்க்கும் முறையில் சிறு திட்டு எடுப்பாகத் தெரியும், ஆனால் விளிம்பில் மருந்தளவு மிஞ்சிப்போகும். சிகிச்சைக்கு முன்பு ஒரு ரீகன், பின்பு வேறொரு ரீகன் என்றால் எஸ்யூவி (SUV, திட்டு எவ்வளவு மருந்தை ஏற்றது என்ற அளவு) கூடியது நோயாலா கணக்காலா என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகள் அளவுக்கு மேல் வேறுபட்டால் அபராதம் போடும் பேயீசிய (Bayesian) முறைகள் இந்த இழுபறியைத் தணிக்கின்றன. அபராதம் எவ்வளவு என்பதை அங்கும் ஓர் ஆள்தான் முடிவு செய்கிறார்.

ஆகவே 'கணிப்பு' கிளப்பும் சந்தேகம் மருத்துவருக்கும் மாணவருக்கும் இருக்க வேண்டிய சந்தேகமே. பெஞ்சில் இருப்பவருக்கு அது வேண்டாம் என்பதில் ஐயா சொல்வது சரி. தாளில் கலைச்சொல்லே வேண்டாம். 'எடுத்த அளவுகளைக் கணக்கிட்டுப் படமாக்க நேரம் ஆகும். அதற்காக மறுபடி ஊசி போட மாட்டோம்' என்று எழுதிவிடுகிறேன். பட்டியலில் மட்டும் உருக்கணிப்பு ஏறட்டும்.

'இரைச்சல்' காதுக்கான சொல், கண்ணுக்கு ஆகாது என்று ஆரணி அக்கா முன்பே சொல்லியிருந்தார். அதைத் தனி இழையாக அவரே தொடங்கினால் நல்லது. 'பொரி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

— காட்பாடியிலிருந்து